நர்ஸ் தேவை: அவமானம் தாங்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் ஒரு சங்கதியைக் கவனிக்கலாம். தனியார் மருத்துவமனை என்று ஒன்று இருந்தால் அதன் மதிலில் 'நர்ஸ் தேவை' என்று ஒரு பேனர் தொங்கும். அங்கே டாக்டர் மாறுவார், மருந்துக்கடை குத்தகைக்காரர் மாறுவார், முதலாளியின் கார் மாறும். பேனர் மாறாது. வெயிலில் சிவப்பு எழுத்து ரோஸ் நிறமாக வெளுத்தாலும், கீழே உள்ள போன் நம்பரில் கடைசி இரண்டு எண் அழிந்துபோனாலும் அது அங்கேயே இருக்கும். அந்த வளாகத்தில் நிரந்தரப் பணி நியமனம் பெற்றிருப்பது அந்தப் பேனர் ஒன்றுதான்.

வருஷம் முழுக்க ஆள் தேவை என்றால் வருஷம் முழுக்க ஆள் போகிறது என்று பொருள். ஏன் போகிறார்கள் என்று நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லைங்க." இன்னொரு பதிலும் உண்டு: "பெங்களூரு பக்கத்துல இருக்குல்ல, அதான்." பெங்களூரு பாவம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஓசூர்க்காரர்களின் எல்லாப் பாவத்தையும் சுமக்கிறது. மூன்றாவதாக, கல்யாணம். இந்த மூன்று காரணங்களையும் தாண்டி நான்காவதாக ஒன்று இருக்கலாம் என்று யோசிக்கிற மேனேஜரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்த நான்காவதைச் சொல்லும் யோக்கியமான விளம்பரம் ஒன்று எழுதினால் இப்படி இருக்கும். செவிலியர் தேவை. படிப்பு டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங். நாலு பேர் எதிரே திட்டு வாங்கிவிட்டு அதே நாலு பேருக்கு ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும். டூட்டி எட்டு மணி நேரம், வீட்டுக்குப் போவது இன்சார்ஜ் சிஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது. உடைந்த தெர்மாமீட்டர், காணாமல்போன படுக்கை விரிப்பு, டாக்டரின் குடும்பச் சண்டை ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை ஒப்படைக்க வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. அழுவதற்கு லினன் ரூம் உண்டு. இருவர் ஒரே நேரத்தில் அழ அனுமதி இல்லை.

இதையெல்லாம் கல்லூரியில் செய்தால் ஜெயில். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த வருஷமே ராகிங் தடைச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்தச் சட்டத்தை முதலில் போட்டது நாம்தான். நல்ல சட்டம். ஆனால் அதன் வேலை கல்லூரி கேட்டோடு முடிந்துவிடுகிறது. கேட்டுக்கு உள்ளே சீனியர் ஜூனியரை நிற்க வைத்துக் கேவலப்படுத்தினால் ராகிங். பட்டம் வாங்கி, பதிவு எண் வாங்கி, வெள்ளை யூனிபார்ம் மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு அதையே செய்தால் 'ட்ரெயினிங்'.

போன வருஷம், 2025 பிப்ரவரியில் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள், கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் கைதானார்கள். ஜூனியர் பையன்களைக் கட்டிப்போட்டு, காம்பஸால் குத்தி, உடம்பில் டம்பெல்லைத் தொங்கவிட்டுப் படமும் எடுத்திருந்தார்கள். நாளைக்கு நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டிய கைகள். நாடு முழுக்க டி.வி.யில் காறித் துப்பினோம். சரிதான். ஆனால் துப்பிய வாயோடு பக்கத்து மருத்துவமனை வார்டுக்குள் ஒரு நைட் இருந்து பார்த்திருக்கலாம். உடம்பில் கை வைக்காமல், வாயாலும் பென்சிலாலும் மட்டுமே செய்யப்படுகிற அந்த வேலையைக் கைது செய்ய யாரும் வரமாட்டார்கள்.

பென்சில் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் நாகரசம்பட்டிப் பெண் ஒருத்தி, உறவு முறையில் எனக்கு மருமகள், ஓசூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் வேண்டாம், அவளுடையதும் மருத்துவமனையுடையதும். குடும்பத்தில் முதல் பட்டதாரி. மாந்தோப்புக் குத்தகைப் பணத்தில் படித்தவள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், வார்டில் டூட்டி ரோஸ்டரைப் பென்சிலில்தான் எழுதுவார்கள் என்று. பேனாவில் எழுதினால் அழிக்க முடியாதே. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆஃப் என்று போட்டிருக்கும். சனிக்கிழமை ராத்திரி ஹேண்ட்ஓவர் நேரத்தில் இன்சார்ஜ் அக்காவிடம் "இந்த டோஸ் சரியாக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பாள். காலையில் போய்ப் பார்த்தால் ஆஃப் இருந்த கட்டத்தில் 'என்' என்ற எழுத்து இருக்கும். நைட். ரப்பர் தேய்த்த தடம்கூடக் காகிதத்தில் மங்கலாகத் தெரியுமாம். கேட்டால் "முதல்லயே அப்படித்தான் இருந்துச்சு, கண்ணு தெரியலையா உனக்கு?" ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு அம்மாவோடு போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தவள் போன் பண்ணி, "வரல மா" என்று மட்டும் சொல்வாள். அம்மா காரணம் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

சேர்ந்த புதிதில் நடந்தது இன்னொன்று. எழுபது வயதுக் கிழவி, சர்க்கரை நோயாளி, கையில் ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம். இவள் ஒரு தடவை குத்திப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அனுபவசாலிக்கே கிடைக்காத கை அது. இன்சார்ஜ் வந்தார். ட்ரேயைப் பிடுங்கினார். உள்ளே ஆறு கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு சொந்தக்காரர். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "உனக்கெல்லாம் எவன்டி பாஸ் போட்டான்? நாலு மாட்டுக்கு ஊசி போடவும் லாயக்கில்ல நீ." கிழவியின் மகன் அன்றிலிருந்து இவள் கட்டிலருகே வந்தாலே "வேற நர்ஸை வரச் சொல்லுங்க" என்பான். இன்சார்ஜும் கேனுலாவை மூன்றாவது குத்தில்தான் போட்டார் என்பதை அங்கே யாரும் எண்ணவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஆனால் அந்தக் கிழவியின் கை சட்டியில்லை.

சரி, கற்றுக்கொடுத்தாரா? கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணி வைத்தால் ரத்தக்குழாய் புடைக்கும், கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல் என்று ஒரு வார்த்தை? அது கிடையாது. சொல்லிக்கொடுத்துவிட்டால் அடுத்த முறை திட்டுவதற்கு எதுவும் மிஞ்சாதே.

முதல் நாள் விசாரணையை விட்டுவிட்டேன். "எந்த ஊரு?" "நாகரசம்பட்டிக்கா." "காவேரிப்பட்டணம் தாண்டியா? ஊர்ல எங்க?" "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்க்கா." "பக்கம்னா எந்தப் பக்கம்? தெருப் பேர் சொல்லு." ரத்த வகை என்ன என்று கேட்டிருந்தாலாவது மருத்துவமனைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். தெருவின் பெயர் தெரிந்த பிறகுதான் சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்று தீர்மானமாகும். இதில் மொழிக் கணக்கு வேறு. இன்சார்ஜ் மலையாளி என்றால் மலையாளப் பெண்களுக்குப் பகல் டூட்டி, தமிழ் என்றால் தமிழ்ப் பெண்களுக்கு. மணிப்பூரிலிருந்து வந்த பெண்ணை "ஏய் சைனா" என்று கூப்பிட்டுச் சிரித்த அதே தமிழ்ப் பெண்கள் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும், "கன்னடம் தெரியாம எதுக்குடி வந்தே" என்று கேட்கப்பட்டு அழுவார்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் லாரியைத்தான் நிறுத்துகிறார்கள். இந்தச் சரக்கு இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வருகிறது.

நார்வே நாட்டு பெர்கன் பல்கலைக்கழகக்காரர்கள் வேலையிடத் துன்புறுத்தலை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 22 கேள்வி. உங்களைப் பற்றி வதந்தி பரப்புகிறார்களா, தகுதிக்குக் கீழான வேலை வாங்குகிறார்களா, செய்து முடிக்க முடியாத வேலையைத் தலையில் கட்டுகிறார்களா, வேலைக்குத் தேவையான தகவலை மறைக்கிறார்களா, உரிமையான விடுப்பைக் கேட்கவிடாமல் அழுத்துகிறார்களா என்று போகும். உலகம் முழுக்க செவிலியர் ஆய்வுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, "இது என்ன மாமா, எங்க இன்சார்ஜோட ஜாப் டிஸ்கிரிப்ஷனா?" என்றாள். அமெரிக்காவில் ஜூடித் மைஸ்னர் என்கிற செவிலியர் ஆசிரியர் 1986-லேயே, நம் குட்டிகளை நாமே தின்கிறோமா என்று தன் தொழிலைப் பார்த்துக் கேட்டுவிட்டார். நாற்பது வருஷம் ஆகிறது. இங்கே இன்னும் தின்றுகொண்டிருக்கிறோம், கேள்விதான் யாரும் கேட்பதில்லை.

இந்த இன்சார்ஜ் அக்காக்களைப் பெண்பேய்களாக எழுதி முடித்துவிடலாம். சுலபம். கைதட்டலும் கிடைக்கும். மேனேஜருக்கு அதைவிடச் சந்தோஷம் தருகிற கட்டுரை வேறு இருக்காது. "பாத்தீங்களா சார், பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சிரிப்பார். அவர் சிரிப்புக்காக நான் எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. நம் பக்கத்து மருத்துவமனைகளில் நைட் டூட்டிக்குப் போய் எண்ணுங்கள். இருபது, இருபத்தைந்து கட்டிலுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கூட இன்னும் படிப்பை முடிக்காத ஒரு மாணவி. இப்படிப்பட்ட வார்டை நடத்த வேண்டும் என்றால் இரண்டு வழிதான். ஒன்று, இன்னும் மூன்று பேரைச் சம்பளத்துக்கு எடுப்பது. இரண்டு, இருக்கிற ஒருத்தி மூன்று பேர் வேலையைச் செய்யும்படி பயமுறுத்த ஓர் ஆளை வைப்பது. இரண்டாவது மலிவு. இன்சார்ஜுக்கு மாதம் கூடுதலாகச் சில ஆயிரம் கொடுத்தால் போதும். நாக்குக்குத் தனியாக அலவன்ஸ் கேட்கமாட்டார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அவரை நோயாளி முன்னால் "அறிவிருக்கா?" என்று கேட்பார். இன்சார்ஜ் அதை வட்டியோடு ஜூனியருக்குக் கடத்திவிடுவார். டாக்டரை மேனேஜர் கேட்டிருப்பார், மேனேஜரை முதலாளி. மேலேயிருந்து கீழே இறங்கி வருகிற எச்சிலுக்குக் கடைசித் தரை அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்.

ஓடிப்போகிறவளால் நஷ்டமா? அதுவும் லாபம்தான். பணிக்கொடை வாங்க நிரந்தர ஊழியர் ஐந்து வருஷம் தாண்ட வேண்டும். பதினோராவது மாதத்தில் அழுதுகொண்டே போகிறவளுக்கு இன்கிரிமென்ட் கிடையாது, பணிக்கொடை கிடையாது. இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதி வாங்கியிருந்தால் அவளே பணம் கட்டிவிட்டுப் போவாள். அடுத்த வாரம் பேனரைப் பார்த்து இன்னொருத்தி வருவாள், ஆரம்பச் சம்பளத்துக்கு. ஊழியர்கள் தங்குவதில்லை என்று மாநாட்டு மேடையில் கண்ணீர் விடும் நிர்வாகங்களே, தங்கிவிடுவார்களோ என்றுதானே உங்கள் பயம்?

சர்ட்டிபிகேட் பிடித்து வைக்கும் கலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் மும்பையின் ஒரு பெரிய இதய மருத்துவமனையில் கேரளச் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வேலையை விட விரும்பிய அவரைப் பாண்டும் முடக்கப்பட்ட சான்றிதழ்களும் கட்டிப்போட்டிருந்தன என்று சொல்லி உடன் வேலை செய்தவர்கள் டூட்டியைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபம் கேரளத்துக்கும் பரவியது. அதே ஆண்டு ஐக்கிய செவிலியர் சங்கம் பிறந்தது. வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, மறுபடி வேலைநிறுத்தம் என்று போராடி, 2018-ல் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கேரள அரசை அறிவிக்க வைத்தார்கள். சேவைப் பாண்டு கூடாது என்று இந்தியச் செவிலியர் கவுன்சிலே சொல்லிவிட்டது. நம் ஊர் மருத்துவமனைகளுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பீரோவில் ஒரிஜினல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அடகுக்கடை மாதிரி. அடகுக்கடைக்காரராவது கையில் பணம் கொடுத்துவிட்டுத்தான் பொருளை வாங்கி வைப்பார்.

தனியாரைத் திட்டிவிட்டு அரசுப் பக்கம் கும்பிடு போடலாம் என்றால் அங்கே இன்னும் பெரிய இன்சார்ஜ் உட்கார்ந்திருக்கிறார். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது வாக்கு. இரண்டு வருஷம் முடிந்து 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் வந்து உட்கார்ந்து, கொடுத்த வாக்கு என்னாச்சு என்று கேட்டார்கள். கழிவறைகளைப் பூட்டிவிட்டார்கள் என்று செவிலியர்கள் அப்போது குற்றம்சாட்டினார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை போட்டது. பிறகு கொரோனா வந்தது. தட்டைத் தட்டினோம், பூத் தூவினோம், தெய்வம் என்றோம். அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ம் தேதி வீட்டுக்குப் போகச் சொன்னோம். புத்தாண்டுப் பரிசு. அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தது, தி.மு.க. ஆட்சியில் நடந்தது என்று பிரித்துப் பார்த்துச் சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம். ரோஸ்டரில் பென்சில் கை மாறியது, ரப்பர் ஒன்றுதான்.

டெல்லியும் சளைத்ததில்லை. தனியார் செவிலியர் சம்பளம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு குழு அமைந்தது. ஐம்பது கட்டிலுக்குக் குறைந்த சின்ன மருத்துவமனையிலும் 20,000-க்குக் குறையக் கூடாது, இருநூறு கட்டிலுக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகக் கொடு என்றது அந்தக் குழு. பத்து வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த மருத்துவமனை முதலாளியிடமாவது அந்த அறிக்கையைப் பற்றிக் கேளுங்கள். "எந்தக் கமிட்டி?" என்று கேட்டுவிட்டு டீ சொல்வார்.

இப்படி இருக்கும்போது பெண்கள் எங்கே போகிறார்கள்? வண்டி ஏறினால் பெங்களூரு. பொம்மசந்திரா பக்கம் பெரிய மருத்துவமனைகள், சம்பளம் கொஞ்சம் கூடுதல், திட்டு கன்னடத்தில். அரபு நாடு ஒரு வழி, அயர்லாந்து ஒரு வழி. ஜெர்மனிக்கு அனுப்ப ஜெர்மன் மொழி வகுப்பைத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நடத்துகிறது. நன்றாக நடத்தட்டும். உள்ளூர் வார்டில் மரியாதையாக நடத்துவதைவிட ஜெர்மன் இலக்கணம் சுலபம் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிவது வேறொரு பயணத்தைப் பார்த்து. போச்சம்பள்ளி சிப்காட், பர்கூர் செருப்புக் கம்பெனிகள், ஓசூர்ப் பக்கத்து மொபைல் கம்பெனி என்று விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தப் பஸ்ஸில் இப்போது நர்சிங் படித்த பெண்களும் ஏறுகிறார்கள். நாலு வருஷம் உடற்கூறும் மருந்தியலும் படித்தவள் திருகாணி முடுக்குகிறாள். ஏன் என்று எங்கள் பெண்ணைக் கேட்டால், "அங்க சூப்பர்வைசர் டார்கெட் கேட்டுத் திட்டுவான் மாமா. இங்க மாதிரி 'உன்னால ஒரு உசுரு போகப் போகுது'ன்னு திட்டமாட்டான்" என்கிறாள். அவள் அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டது திருகாணிக்கு இல்லை.

உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நர்ஸ்களுக்குள் ஆயிரம் இருக்கும், நாம் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். சரி, இதைக் கேளுங்கள். பொட்டாசியம் குளோரைடு என்றொரு மருந்து எல்லா வார்டிலும் இருக்கும். சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டியது. அப்படியே ரத்தக்குழாயில் அடித்தால் இதயம் நின்றுவிடும். சின்னக் குப்பி. பக்கத்தில் இருக்கும் சாதாரணக் குப்பியும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே நிறம். ராத்திரி இரண்டு மணி. ஆஃப் பறிபோனதால் தொடர்ந்து நைட் பார்க்கிற பெண். டாக்டரின் கையெழுத்து கோழி கீறியது போல. சந்தேகம் வருகிறது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் சீனியரை எழுப்பிக் கேட்க வேண்டும். எழுப்பினால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக் காலை வாட்ஸ்அப் குரூப்பில் 'ஒரு அம்பூல் பாக்கத் தெரியாத மகாராணி' என்று வரும், பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்குவார்கள். எழுப்பலாமா, வேண்டாமா என்று அவள் யோசிக்கிற அந்த அரை நிமிஷம் உங்கள் அப்பாவின் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. கேள்வி கேட்டதற்குத் தண்டனை கொடுத்துப் பழக்கிய வார்டில் நடந்த தவறும் வெளியே வராது. சார்ட்டில் எல்லாம் சரியாக எழுதியிருக்கும்.

சட்டம் இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. நோயாளியின் மச்சான் குடித்துவிட்டு வந்து நர்ஸை அடித்தால் 2008-ன் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது, மருத்துவமனையில் வன்முறை செய்பவரைப் பிடிக்க. மருத்துவமனை வாசலில் அந்த எச்சரிக்கைப் பலகையும் உண்டு. கேஸ் ஷீட்டை இன்சார்ஜ் முகத்தில் எறிந்தால் பலகை இல்லை. பாலியல் தொல்லை என்றால் 2013-ன் சட்டம், உள்ளகப் புகார்க் குழு. பாலியல் அல்லாத தொல்லைக்குக் குழு இல்லை. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நைட் டூட்டியில் நர்ஸ் உட்கார்ந்தால் மெமோ வருகிறது. வேலையிடத்தில் எந்த வகைத் துன்புறுத்தலும் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் ஓர் உடன்படிக்கை செய்தது, எண் 190. 2021-ல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. அதற்குப் பதிலாக மே 12 செவிலியர் தினத்தன்று மெழுகுவர்த்தி ஏற்றிக் கேக் வெட்டுகிறோம். கேக்குக்குப் பணம் நர்ஸ்களிடம் வசூலித்தது.

இன்சார்ஜ் அக்காக்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. "நாங்க படாததா?" என்று கேட்பீர்கள். பட்டீர்கள், தெரியும். லினன் ரூமில் நீங்கள் அழுத சுவரில்தான் இவளும் சாய்ந்து அழுகிறாள். ஆனால் உங்களை அழ வைத்தவர் இன்று எங்கே என்று பாருங்கள். ரிட்டயராகி, பணிக்கொடைக்கு அலைந்து, இதே மருத்துவமனையில் ஒருநாள் நோயாளியாக வந்து, மேனேஜர் முகம் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் யாருக்காக நாக்கைத் தீட்டுகிறீர்களோ அவர் உங்கள் பெயரையும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஒரு நைட் அந்தப் பெண்ணோடு சேர்ந்து போய், இந்த வார்டுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். மேனேஜர் முதன்முறையாக உங்களுக்கு நாற்காலி போடுவார்.

படிக்கிறவர்களுக்கு வேலை இன்னும் சின்னது. அடுத்த முறை வீட்டில் யாரையாவது சேர்க்கும்போது, மார்பிள் தரையையும் வரவேற்பறைப் பிள்ளையாரையும் பார்த்து மயங்காமல் இரண்டே கேள்வி கேளுங்கள். ராத்திரி இந்த வார்டில் எத்தனை நர்ஸ்? அவர்களில் இரண்டு வருஷம் தாண்டி இங்கே இருப்பவர் எத்தனை பேர்? டிஸ்சார்ஜ் அன்று பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று நாள் கணக்கில் ஒரு வரி போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் அந்த வரியில் விரலை வைத்து, இதில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று கவுன்டரில் சத்தமாகக் கேளுங்கள்.